சான்றில்லாத அரங்கேற்றத்தை நிறுத்துங்கள்

பள்ளிச் சுற்றுலா என்றும் விடுமுறைக் காட்சி என்றும் சொல்லி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பிள்ளைகளுக்கு ‘ஆதிமனிதன்’ ஒருவனைக் காட்டி அனுப்புகிறார்கள். இடுப்பில் புலித்தோல், தோள்வரை சடை, கையில் மரக்காம்பில் கட்டிய கல், காலடியில் சிவப்பு பல்பு எரியும் ஃபைபர் நெருப்பு. ஒருபுறம் புகை இயந்திரம், மறுபுறம் உறுமும் ஒலிபெருக்கி. இந்த வட்டாரத்தில் போடப்பட்ட கட்டணக் காட்சி அரங்கு ஒன்றில் அவனுக்குப் பின்னால் டைனோசரும் தலையாட்டிக்கொண்டு நின்றது. டைனோசர்கள் அழிந்ததற்கும் மனித மூதாதை முதல் கல்லை உடைத்ததற்கும் நடுவே ஆறு கோடி ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு. அத்தனை காலத்தையும் ஒரே மேடையில் நசுக்கி, அதற்குக் கல்விக் காட்சி என்று பெயரிட்டு, குழந்தைகளிடம் காசும் வாங்கியிருக்கிறார்கள். இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

வேறெந்த ஊரில் இது நடந்தாலும் தவறுதான். இங்கே நடப்பது பெருந்தவறு. ஆவடியில் மின்சார ரயிலேறித் திருவள்ளூரில் இறங்கி, பூண்டி போகும் பேருந்தைப் பிடித்தால், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. உலகத்தின் பழங்கற்கால வரைபடத்தில் இடம்பிடித்த ஊர் அது. 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்துக்கு வந்து, இன்னும் பல கருவிகளை எடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு பிறந்தது நம் வட்டாரத்து மண்ணில். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999 முதல் அங்கே நடத்திய அகழாய்வு, ஒன்பது மீட்டர் ஆழம்வரை போனது. அடியடுக்குகளில் மட்டும் 3,500-க்கும் மேற்பட்ட கல்பொருள்கள் கிடைத்தன. அவற்றின் சராசரி வயது சுமார் 15 லட்சம் ஆண்டு, எப்படிக் குறைத்தாலும் பத்து லட்சத்துக்கு மேல் என்று 2011-இல் ‘சயன்ஸ்’ இதழில் அறிவித்தார்கள். மேலடுக்குகளில் இருந்த நுட்பமான இடைப் பழங்கற்காலக் கருவிகள் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டன என்று 2018-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மனித அறிவின் பரவலைப் பற்றி உலகம் எழுதி வைத்திருந்த கால அட்டவணையையே அந்த முடிவு கேள்விக்குள்ளாக்கியது.

இத்தனை இருந்தும், அந்த அகழாய்வுக் குழியில் ஒன்று கிடைக்கவில்லை. அந்தக் கருவிகளைச் செய்தவரின் எலும்பு கிடைக்கவில்லை. விலங்குகளின் பற்கள் சில கிடைத்தன. குளம்புத் தடங்கள் தெரிந்தன. மண்டையோடோ தாடையோ விரலெலும்போ இல்லை. இந்தியத் துணைக்கண்டம் முழுவதிலும் அத்தகைய பழைய மண்டையோடு என்று சொல்ல நர்மதைக் கரையில் ஹத்னோராவில் 1982-இல் கிடைத்த ஒன்றுதான் இருக்கிறது. அப்படியானால் நம் குழந்தைகள் முன் நிற்கும் அந்த முகம் யாருடையது? அந்தச் சடையை யார் பார்த்தார்? அந்தத் தோலாடை எந்த மண்ணடுக்கில் வந்தது? கைக்கோடரிக்குக் காம்பே கிடையாது. உள்ளங்கையில் அடக்கிப் பிடித்து வெட்டவும் அறுக்கவும் சீவவும் பயன்பட்ட கருவி அது. கருவியின் பெயரிலேயே கை இருக்கிறது. அதற்குக் காம்பு மாட்டிவிட்டவர், கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் உண்மைக் கல் ஒன்றைக்கூட நேரில் பார்த்திருக்க மாட்டார்.

பொம்மை செய்த கைகளை நாம் குறை சொல்லவில்லை. பூந்தமல்லியைத் தாண்டிச் செம்பரம்பாக்கம் பக்கம் போனால், சினிமாவுக்காக அரண்மனையையும் அக்ரகாரத்தையும் சில வாரங்களில் எழுப்பித் தரும் தச்சர்களும் வார்ப்புக்காரர்களும் வண்ணக்காரர்களும் இருக்கிறார்கள். கேட்டதைக் கேட்டபடி செய்து தரும் அபாரமான கைத்திறன் அவர்களுடையது. ஒன்பது மீட்டர் மண்ணடுக்கை அப்படியே வார்த்துத் தாருங்கள் என்று கேட்டிருந்தால் அதையும் செய்திருப்பார்கள். கேட்கவில்லை. என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவருக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. குற்றம் அங்கே இருக்கிறது.

அத்திரம்பாக்கத்தை மேடையேற்ற எவ்வளவு உண்மை கையில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வாசலில் இன்றைய வயல்வெளி. அங்கிருந்து பார்வையாளர் சரிவில் நடந்து மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். இருபக்கமும் மண்சுவர். தலைக்குமேல் காலம் ஏறிக்கொண்டே போகிறது. ஓரிடத்தில் சரளைக்கல் அடுக்கு, அதன்கீழ் களிமண் அடுக்கு. அந்தக் களிமண்ணில் குவார்ட்சைட் கல் தானாக முளைக்காது. யாரோ வெளியிலிருந்து சுமந்து வந்திருக்கிறார். அந்த ஒரே செய்தியைக் கேட்டால் பத்து வயதுப் பிள்ளைக்கு மயிர்க்கூச்செறியும். அடுத்த அறையில் இருட்டு. கல்லோடு கல் மோதும் ஓசை மட்டும். இன்று கருவி செய்து பார்க்கும் ஆய்வாளர்களிடமிருந்தே அந்த ஓசையைப் பதிவு செய்யலாம். ஒரு மேசையில் அசலின் எடையும் விளிம்பும் கொண்ட நகல் கைக்கோடரி. பிள்ளை அதை எடுத்துத் தன் உள்ளங்கையில் பொருத்திப் பார்க்கும். கடைசியாக ஒரு வெற்றுத் திரை. ‘இவர்களின் முகம் நமக்குத் தெரியாது’ என்று மட்டும் அதில் எழுதியிருக்கட்டும். இதில் எங்கே சுவை குறைந்தது? எங்கே நாடகம் குறைந்தது? முகம் தெரியாத ஒருவர் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விட்டுப்போன கல், இன்றைய பிள்ளையின் கைக்குப் பொருந்துகிறது என்பதைவிடப் பெரிய நாடகத்தை எந்தப் புகை இயந்திரம் தந்துவிடும்?

இந்தச் செல்வத்துக்கு நாம் கொடுத்திருக்கும் இடம் என்ன? பூண்டியில் 1985 முதல் மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்று இருக்கிறது. ஃபுட் தன் வாழ்நாளில் திரட்டிய கற்களை 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. ஊர்ப்பெயரும் வரிசை எண்ணுமாகப் பதிந்த அட்டவணை 1914-இல் அச்சானது. அந்த மனிதர் காட்டிய ஒழுங்கை நினைத்துப் பார்க்க வேண்டும். எந்தக் கல், எந்த ஊர், எந்தப் படுகை என்று ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுதி வைத்தார். நூறாண்டு கழித்து, கணினியும் திரையும் கைவந்த காலத்தில், ஊரும் இல்லாத பேரும் இல்லாத ஃபைபர் பொம்மையை நிறுத்துகிறோம். கீழடியில் செட்டிநாட்டுப் பாணியில் அழகான அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது, நாம் மகிழ்ந்தோம். அதற்கு இணையான கூடம் அத்திரம்பாக்கத்துக்கு இல்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுப் பெருமைக்குக் கட்டிய அரசு, 15 லட்சம் ஆண்டுப் பழமைக்குக் கட்டத் தயங்குவது ஏன்? பேசும் மொழி இன்னதென்று தெரியாத, நம் முன்னோர் என்று உரிமை கொண்டாட முடியாத மனிதர்கள் என்பதாலா? அதுதான் காரணமென்றால் அது வரலாற்றுப் பற்று ஆகாது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கண்ணாடிப் பேழையும் மங்கிய அட்டையுமே அருங்காட்சியகம், அரங்கக்கலை உள்ளே நுழையவே கூடாது என்று வாதிடும் கட்சியில் நாம் இல்லை. பார்வையாளரை உள்ளே இழுத்து, நடக்கவைத்து, நடுங்கவைத்துக் கதை சொல்லும் கலை இந்தத் தொண்டை மண்டலத்துக்குப் புதிதும் இல்லை. திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் நாட்களைப் பாருங்கள். ஊரே அரங்கம். அர்ச்சுனன் தபசுக்கு நட்ட மரத்தில் கூத்தர் ஏறும்போது கூட்டம் அண்ணாந்து நிற்கிறது. பதினெட்டாம் போருக்கு வயல்வெளியில் களிமண்ணால் மல்லாந்து கிடக்கிறான் துரியோதனன், பத்துப் பதினைந்து ஆள் நீளத்தில். பார்க்க வந்தவர்களே அந்தப் படுகளத்தில் நிற்கிறார்கள், அழுகிறார்கள், அருள் வந்து ஆடுகிறார்கள். பார்ப்பவருக்கும் நடப்பதற்கும் நடுவே திரையே இல்லை. ஆனாலும் அங்கே ஒருவரும் ஏமாற்றப்படவில்லை. கட்டியங்காரன் என்று ஒருவன் இருக்கிறானே, அவன்தான் காரணம். கதைக்குள்ளும் வெளியிலும் மாறி மாறி நின்று, இது யார், இது எந்த இடம், இங்கே என்ன நடக்கப்போகிறது என்று ராஜாவிடமும் கேட்பான், நம்மிடமும் சொல்வான். கூத்து கூத்துதான் என்பதை அவன் ஒருபோதும் மறைப்பதில்லை. அருங்காட்சியகத்தில் நாடகம் போட விரும்புகிறவர்கள் முதலில் அந்தக் கட்டியங்காரனுக்கு இடம் கொடுக்க வேண்டும். இது மண்ணில் கிடைத்தது, இது ஆய்வாளர் ஊகம், இது ஓவியர் கற்பனை என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். அந்தக் குரல் இல்லாத காட்சியைத்தான் எதிர்க்கிறோம்.

அந்தக் குரலை அடைத்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அமிர்தசரஸ் சாட்சி. 1919 ஏப்ரல் 13 அன்று டயரின் படை ஜாலியன்வாலா பாக்குக்குள் நுழைந்தது ஒரு குறுகிய சந்து வழியாக. அந்தச் சந்து அவ்வளவு குறுகலாக இருந்ததால்தான் அவர் கொண்டுவந்த கவச வண்டிகள் உள்ளே போக முடியவில்லை. நூறாண்டுகளாக அந்தச் சந்தில் நடந்தவர்கள் இருபக்கச் சுவர்களின் நெருக்கத்தையே சான்றாக உணர்ந்தார்கள். 2021 ஆகஸ்டில் புதுப்பித்துத் திறந்தபோது அந்தச் சுவர்களில் சிரித்த முகத்தோடு நடந்து போகும் மக்களின் சிற்பங்களைப் பதித்திருந்தார்கள். உள்ளே ஒலி-ஒளிக் காட்சி. உயிர் தப்பக் குதித்தவர்கள் மாண்ட கிணற்றைச் சுற்றிக் கண்ணாடி. வரலாற்றாசிரியர்களும் தியாகிகளின் குடும்பத்தாரும் கொதித்தார்கள். கொதித்ததில் நியாயம் இருந்தது. சான்றாக நின்ற சுவரின்மேலேயே அலங்காரத்தைப் பூசிவிட்டால் பிறகு சான்றை எங்கே போய்த் தேடுவது? ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகம் அந்தச் சந்தை வெறுஞ்சுவராகத் திருப்பித் தர வேண்டும். அது இன்னும் செய்யாமல் நிற்கும் கடன்.

நம் மாநிலத்திலும் கேள்வி இல்லாமல் இல்லை. கட்டபொம்மன் என்றதும் நம் எல்லோருக்கும் கண்முன் நிற்பது 1959-இல் வந்த திரைப்படத்தின் சிவாஜி கணேசன். 1799-இல் கும்பினிப் படை இடித்துத் தள்ளிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்கு நினைவாக 1974-இல் அரசு ஒரு புதிய கோட்டையைக் கட்டியது. இடிபாடுகள் இருக்கும் மேட்டை விட்டுவிட்டு, பிள்ளைகள் அந்தப் புதுக்கோட்டை வாசலில் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்த நினைவுக் கோட்டையைக் கட்டியதை நாம் பழிக்கவில்லை; அன்றைய உணர்வு அது. ஆனால் எது 1799, எது 1974 என்று அங்கே வரும் ஒவ்வொருவருக்கும் பளிச்சென்று தெரிய வேண்டும். அதைத் தெரியவைப்பது நினைவகங்களைப் பராமரிக்கும் துறையின் வேலை.

சரியாகச் செய்ய முடியும் என்பதற்கும் நம்மிடமே வழி இருக்கிறது. கீழடியின் இடுகாடான கொந்தகையில் கிடைத்த, சுமார் 2,500 ஆண்டுப் பழமையான இரண்டு ஆண்களின் மண்டையோடுகளைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகமும் சேர்ந்து முகங்களை மீட்டுருவாக்கி 2025-இல் வெளியிட்டன. அங்கே எலும்பு இருந்தது. தசையின் தடிமனைக் கணிக்கும் முறை இருந்தது. அப்போதும் கண்ணின் நிறமும் தலைமுடியும் தோலின் சாயலும் முழுக்க எலும்பிலிருந்து வருபவை அல்ல. அந்த முகத்தைக் கூடத்தில் வைக்கும்போது, எது அளவு, எது ஊகம் என்று பக்கத்திலேயே எழுதுவதுதான் முறை. எலும்பு இருந்த இடத்திலேயே இவ்வளவு எச்சரிக்கை வேண்டியிருக்கும்போது, எலும்பே இல்லாத அத்திரம்பாக்கத்துக்கு முகம் வார்க்க எவருக்கு என்ன உரிமை?

உலகமும் இதைப் பற்றி யோசித்து விதி எழுதி வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1976 முதல் 1981 வரை தோண்டி எடுத்த வைக்கிங் குடியிருப்பை, அதே இடத்தில் தெருவும் கூரையும் நாற்றமும் உட்பட மீட்டெழுப்பி, 1984-இல் யோர்விக் மையத்தைத் திறந்தார்கள். வண்டியில் உட்கார்ந்து அந்தத் தெருவைக் கடந்தபின், அங்கே கிடைத்த அசல் செருப்பும் சீப்பும் கண்ணெதிரே இருக்கின்றன. பார்த்த நாடகத்துக்குக் கணக்கு காட்டுகிறார்கள். நினைவிடங்களுக்கான உலக அமைப்பான இக்கோமோஸ் 2008-இல் ஏற்ற சாசனம், காட்சி மீட்டுருவாக்கம் எதுவும் தக்க ஆய்வுச் சான்றின்மேல் நிற்க வேண்டும் என்கிறது. கணினிவழி மீட்டுருவாக்கத்துக்கென்றே எழுதப்பட்ட லண்டன் சாசனம், எந்தச் சான்றிலிருந்து எந்த முடிவை எடுத்தோம் என்ற பதிவைக் காட்சியோடு சேர்த்து வைக்கச் சொல்கிறது. நம் ஊர் டெண்டர்களில் ‘ஹாலோகிராம்’ என்று எழுதிப் பெருந்தொகை கேட்பது பெரும்பாலும் 1862-இல் லண்டன் மேடையில் பெப்பர் என்பவர் காட்டிய கண்ணாடிப் பிம்பத் தந்திரம்தான்; ஃபுட் கல்லைக் கண்டெடுத்ததற்கும் முந்தைய ஆண்டுச் சரக்கு. கருவி பழையதா புதியதா என்பதில் நமக்கு அக்கறையில்லை. அதில் தோன்றும் பிம்பத்துக்குக் கணக்கு எங்கே என்றுதான் கேட்கிறோம்.

அத்திரம்பாக்கத்தோடு நிற்கவில்லை இந்த வட்டாரத்தின் வரலாறு. நாளை இங்கே யாரேனும் பெரிய அளவில் வரலாற்றுக் காட்சிக்கூடம் எழுப்ப முனைந்தால், ஒவ்வோர் அடியிலும் இதே சோதனை வரும். பூந்தமல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பட்டணத்துக்கு ஆங்கிலேயர் நிலம் பெற்ற 1639-இல், அந்த நிலத்தைத் தந்த தாமர்ல வேங்கடப்ப நாயக்கரின் தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்துதான் கரையோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாயக்கர் சுருளை நீட்ட, கும்பினி அலுவலர் பிரான்சிஸ் டே குனிந்து வாங்கும் மெழுகுபொம்மைக் காட்சியை அமைக்க எந்த ஒப்பந்ததாரருக்கும் கை துடிக்கும். ஆனால் அந்தச் சாசனத்தின் தேதியிலேயே சிக்கல் இருக்கிறது. பிரதிகளில் ஜூலை 22 என்று இருக்கிறது; டே மசூலிப்பட்டினத்தில் கப்பலேறியதே அதற்குப் பிறகு; ஆகவே ஆகஸ்டு 22 என்று கொண்டு நகரம் தன் பிறந்தநாளைக் கொண்டாடுகிறது. அந்தச் சிக்கலையே காட்சியாக்குங்கள். இரண்டு தேதிகளையும் கப்பல் பயண நாளையும் பிள்ளைகள் முன்னால் வைத்து, நீயே தீர்த்துச் சொல் என்று கேளுங்கள்.

ஆவடிக்கு 1955 ஜனவரி இருக்கிறது. யு.என். தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானித்தது இங்கேதான். காமராசர் முதலமைச்சராகி ஓராண்டுகூட ஆகவில்லை. 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே உருண்டது. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய சைக்கிள் ஆலை, 1964-இல் எழுந்த தொழிற்பேட்டை. இந்த வரலாற்றுக்குக் கூடம் அமைப்பதென்றால் டாங்கிக்குள் உட்காரவைத்துக் குண்டு போடும் விளையாட்டுக் கருவி ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு முடித்துவிடுவார்களோ என்ற அச்சம் நமக்கு இருக்கிறது. அந்த டாங்கிக்குப் பற்றவைப்பு செய்த கைகள் எங்கே? மூன்று ஷிப்டுகளும், சங்கு ஊதியதும் சாலை நிறைந்து ஓடிய சைக்கிள்களும், கேன்டீன் தேநீரும், வாயிற்கூட்டங்களும், வேலைநிறுத்தங்களும், பேட்டையில் லேத் ஓட்டி விரலிழந்தவர்களும் எங்கே? அந்தத் தொழிலாளர்களில் பலர் இன்றும் இந்தத் தெருக்களில் பென்ஷன் வாங்கிக்கொண்டு வாழ்கிறார்கள். இங்கே ஊகத்துக்கே அவசியமில்லை. போபாலில் விஷவாயுவிலிருந்து தப்பியவர்கள் 2014-இல் எழுப்பிய நினைவு அருங்காட்சியகத்தில், தொலைபேசியைக் காதில் வைத்தால் பாதிக்கப்பட்டவரின் குரலே பேசுகிறது. பொம்மை இல்லை, நடிகர் இல்லை. அந்த அளவுக்கு நம்மால் ஏன் முடியாது? குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருக்கின்றன; பதிவு செய்யும் வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.

இன்னும் கடினமான ஒன்றும் உண்டு. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரை மூழ்கியது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, அதை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறித்தது. அந்த வெள்ளமும் ஒருநாள் காட்சிப்பொருளாகும். இடியும் மின்னலும் மழையோசையும் நீர்மட்டம் ஏறும் சுவருமாகப் பார்வையாளரைக் கதிகலங்க வைக்கலாம். மதகைத் திறக்கும் முடிவு எப்போது, எப்படி எடுக்கப்பட்டது, தாமதத்துக்கு யார் பொறுப்பு என்பதைச் சொல்லாமல் மழையை மட்டும் காட்டினால், அந்த அரங்கம் பழியை வானத்தின்மேல் போடும் கருவியாகிவிடும். ஓசையும் இருளும் நம் அறிவைத் தாண்டி நேராக உடம்பில் இறங்குபவை. உடம்பு நம்பிவிட்டதை ஓர் அட்டையில் எழுதித் திருத்த முடியாது. அதனாலேயே இந்தக் கலையைக் கையாள்பவருக்குப் பொறுப்பு பல மடங்கு.

எனவே நம் கோரிக்கைகள் வெளிப்படையானவை. பழங்கற்கால மனிதனையும் டைனோசரையும் ஒன்றாக நிறுத்தும், கைக்கோடரிக்குக் காம்பு மாட்டும் எந்தக் காட்சிக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்வதை, அது திருத்தப்படும்வரை, திருவள்ளூர், சென்னை மாவட்டக் கல்வி அதிகாரிகள் தடுக்க வேண்டும். காட்சிக்கூட டெண்டரைக் கட்டட வேலையும் மின்வேலையுமாக மட்டும் பார்க்கும் பழக்கம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அது முடிவுக்கு வர வேண்டும். முதலில் கதைவடிவம், அதை அந்த இடத்தைத் தோண்டியவரோ ஆய்ந்தவரோ வரிவரியாகப் படித்துக் கையெழுத்திட வேண்டும், பிறகே விலைப்புள்ளி. ஒவ்வொரு காட்சிக்கும் அடியில், கிடைத்தது, ஊகம், கற்பனை என்ற மூன்றும் தமிழில், தலைப்புக்கு நிகரான எழுத்தில் இருக்க வேண்டும். மூலையில் ஒட்டும் பொடியெழுத்து போதாது. பார்வையற்றவருக்கு அது ஒலியாகக் கேட்க வேண்டும். அந்தக் காட்சியை அமைக்கப் பயன்பட்ட சான்றுகளின் முழுப் பதிவையும் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும். திறப்பு விழாவுக்குப் பின் ஐந்தாம் ஆண்டில் விளக்கு போன புரொஜெக்டரை எந்தப் பணத்தில் மாற்றுவது என்பதற்கும் டெண்டரிலேயே விடை இருக்க வேண்டும்.

அத்திரம்பாக்கத்துக்குத் தனியாகச் சொல்கிறோம். மாநிலத் தொல்லியல் துறையும் அருங்காட்சியகங்கள் துறையும் சேர்ந்து, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள ஃபுட் சேகரிப்பையும் பூண்டி அகழ்வைப்பகத்தையும் அகழாய்வுக் குழுவின் அறிவையும் இணைத்து, அந்த ஆற்றங்கரைக்கு உரிய கூடத்தைத் திட்டமிட வேண்டும். வரும் சட்டமன்றக் கூட்டத்தொடரில் தொல்லியல் துறையின் மானியக் கோரிக்கை வரும்போது அதற்கான நிதியும் கால எல்லையும் அறிவிக்கப்பட வேண்டும். அந்தக் கூடத்தின் கதைவடிவத்தை முதல் செங்கல் வைக்கும் முன்பே அத்திரம்பாக்கம், பூண்டி ஊர்க் கிராமசபைகளில் படித்துக்காட்டி, கேள்வி கேட்க மக்களுக்கு நேரம் தர வேண்டும்.